தட்டின் இடது பக்கம்

ரந்தாவ்,
16.6.1993

அன்புள்ள மாமா,

நானும் பிள்ளைகளும் சுகம். சிங்கப்பூரில் மழையா? நனையாமல் வேலைக்குப் போங்கள்.

என் இனிப்புநீர் வியாதிக்காகச் சிரம்பானில் ஒரு சத்துணவு ஆலோசகரைப் பார்ப்பதாகப் போனில் சொன்னேன் அல்லவா? பெயர் சௌந்தரவல்லி. மத்தியதரைக் கடலோரத்து ஜனங்களைப் போல மீன், பயறு, கீரை என்று நிதானமாகச் சாப்பிடச் சொல்கிறாள். "ஆலிவ் எண்ணெய்க்கு எங்கக்கா போவீங்க? கடல எண்ணெயே கொஞ்சமா ஊத்துங்க லா" என்று சிரிப்பாள்.

நேற்று தானே பரிமாறித் தன் எதிரிலேயே சாப்பிட வைத்தாள்.

"அவசரப்படாதீங்கக்கா. தட்டுல என்ன இருக்குன்னு மொதல்ல நல்லா பாத்துச் சொல்லுங்க."

சோறு, கீரை, பயறு என்றேன்.

"மீனு?"

மீன் வைக்கவில்லையே என்றேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தட்டின் இடது ஓரத்தில் வைத்தாள். விரலில் மீன் பட்டது. அந்தப் பக்கம் கொஞ்ச நாளாகவே மங்கல்தான். அடுப்புப் புகை என்று இருந்துவிட்டேன். அவளே என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். இரண்டு கண்ணுக்குள்ளும் இரத்தம் கசிந்திருக்கிறதாம். அடுத்த வியாழக்கிழமை லேசர் வைப்பார்களாம். போனது திரும்புமா என்று கேட்டேன். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் சொல்லவில்லை. எதையும் கண்ணுக்குப் பக்கத்தில் இழுத்து இழுத்துப் பார்ப்பதால் சின்னவள் மட்டும், "ஏம்மா அப்படிப் பாக்குறீங்க?" என்று கேட்கிறாள்.

வியாழனுக்கு முன் வந்துவிடுங்கள். இரவு பஸ் வேண்டாம் மாமா. வெளிச்சம் இருக்கும்போது வாருங்கள்.

உங்கள் மனைவி