தண்ணீரில் குடியிருக்கும் ஜெமிக்கு

ஆம்பூர்,
திங்கட்கிழமை

அன்பு மகள் ஜெமிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் தரையில் சுகமாக இருக்கிறோம், நீ தண்ணீரில் சுகமா? இதை உன் ஆஸ்பத்திரி முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விடுகிற படகு வீட்டுக்கு எந்தக் கதவு நம்பரை எழுதுவது. அகலம் ஏழடி என்கிறாய், மாதனூருக்கு ஆளேற்றப் போகிற கம்பெனி பஸ்கூட அதைவிட அகலம். நர்சிங் முடித்து லண்டன் போன என் பெண் கக்கூஸ் டப்பாவைக் கையில் தூக்கிப்போய்க் கொட்டுகிறாள் என்று நான் யாரிடம் சொல்வேன். அதனால்தான் சபையில் யார் கேட்டாலும் ஆற்றோரம் பிளாட், இரண்டாவது மாடி என்று சொல்லி வைத்திருந்தேன். ஒரு வருஷத்தில் அந்தப் பிளாட்டுக்கு ஒரு பால்கனியும் கட்டிவிட்டேன்.

இப்படி இருக்கும்போது உன் பக்கத்துப் படகு மோரீன் அம்மாவை நம் வீட்டுக்கு அனுப்பி வைத்தாய். எழுபது வயதில் ஒற்றைப் பையோடு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்திருக்கிறார். முப்பத்தோரு வருஷம் ஏற்றுமதி ஷூவில் குறை கண்டுபிடித்த எனக்குக் கண் நேராக அவர் காலுக்குத்தான் போனது, இடது ஷூவின் சோல் வாயைப் பிளந்திருக்க, அதைக் கறுப்பு டேப் சுற்றி ஒட்டியிருந்தார். குளிக்க ஒரு பக்கெட் வெந்நீர் கொடுத்தால் முக்கால் பக்கெட் மிச்சம் வைக்கிறார், படகுத் தொட்டி காலியாகிவிடும் என்ற பழக்கமாம். பிரியாணி வாங்கி வந்தால் அதை விட்டுவிட்டுக் கத்திரிக்காயை மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். மற்ற பிள்ளைகள் டாக்டர், இன்ஜினீயர் என்று பழகுகிறார்கள், நம் பெண்ணுக்குக் கிடைத்த சிநேகிதம் இந்த ரிட்டயரான பஸ் டிரைவர் என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

நேற்று ஆராதனைக்குக் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. போதகர் விருந்தாளியை முன்னால் கூப்பிட்டு நாலு வார்த்தை பேசச் சொன்னார், "நீங்களே தமிழ்ல சொல்லிடுங்க சாந்தகுமார்" என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார். ஜெமிக்குப் பக்கத்துப் படகில் இருக்கிறேன் என்றார் மோரீன் அம்மா, பக்கத்து வீட்டில் இருக்கிறாராம் என்றேன் நான். பிறகு அவர், ஜனவரியில் ஜெமி பனியில் வழுக்கி இரண்டு படகுக்கும் நடுவில் தண்ணீருக்குள் விழுந்துவிட்டாள், சத்தம் கேட்டு ஓடிப்போய்க் கொக்கிக் கழியால் அவள் கோட்டை மாட்டி இழுத்தேன், உதடு நீலமாகிவிட்டது, பேச்சே இல்லை என்றார். ஜெமி, எனக்குத் தமிழ் மறந்துவிட்டது. சபை முழுவதும் என் வாயைப் பார்க்கிறது. "டூட்டி ஜாஸ்திப்பா, அப்புறம் பேசறேன்" என்று போனில் சொன்னாயே, அந்த வாரம் அது. அவர் எனக்காகக் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு மிச்சத்தையும் மெதுவாகச் சொன்னார், நாலு படகுக்காரர்கள் ஆறு நாள் முறை வைத்துக்கொண்டு உன் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டார்களாம். பக்கத்து வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் தண்ணீர் எப்படி வரும், இனி எதை மாற்றிச் சொல்வது. "என் பொண்ணு போட்லதான் குடியிருக்கா, பிளாட்டுன்னு நான் சொன்னது பொய்" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து தமிழில் சொன்னேன். அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்து மோரீன் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, போதகர் ஜெபம் முடிக்கும்வரை விடவே இல்லை.

வெளியே வந்ததும் நம் தெரு பாக்கியநாதன் "இன்னாப்பா, பால்கனி எல்லாம் சொன்னியே" என்று பல்லைக் காட்டினான். "உன் புள்ள துபாய்ல இருபதாவது மாடில இருக்கானே, அவன் வழுக்கி வுழுந்தா எட்டிப் பாக்க அங்க எவன் இருக்கான்" என்று கேட்டேன், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதற்காக உன் படகை நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே, அது வெறும் தகர டப்பாதான். லைஃப் ஜாக்கெட் போடாமல் பனியில் விளிம்பில் நடக்கிறவளை நர்ஸ் என்று சொல்லவே எனக்குக் கூசுகிறது. பொய் சொல்வதில் மட்டும் நீ அப்பாவை உரித்து வைத்திருக்கிறாய்.

மோரீன் அம்மாவை இன்று காலை ஜோலார்பேட்டையில் கொச்சி ரயிலில் ஏற்றிவிட்டோம். நீ ஒரு காரியம் செய், அந்த நாலு படகுக்காரர்களின் பெயரையும் போன் நம்பரையும் எழுதி அனுப்பு. "நல்லா இருக்கேம்பா" என்று நீ சொல்வதை இனி நான் நம்புவதாக இல்லை, அவர்களையே கேட்டுக்கொள்கிறேன். கரையிலும் தண்ணீரிலும் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். அம்மா முத்தம் சொல்லச் சொன்னாள். நம்பர்களை மறக்காதே, ஞாயிற்றுக்கிழமைக்குள் வர வேண்டும்.

உன் அப்பா,
சாந்தகுமார்