அண்ணன் படுத்துப் பார்த்த நாற்காலி

ஞாயிறு இரவு.

எவனும் நம்பப்போவதில்லை என்ற உறுதியோடு இந்தச் சரித்திரத்தை எழுதுகிறேன். அண்ணன் மகள் ஸ்டெல்லா வீட்டுக்குப் பின்னால் புதிதாகத் தளம் போட்டிருக்கிறாள். அங்கே போட சாய்வு நாற்காலி வாங்க அண்ணன், அவள், நான் மூவரும் பங்காருப்பேட்டை போனோம். கடையில் நாலாயிரம் யானைகள் படுத்திருப்பதுபோல நாற்காலிகள். தேர்வுக் குழுத் தலைவர் நான்தான்.

நீல மெத்தை வைத்த ஒன்றில் நான் சாய்ந்ததும் மகாராஜாக்கள் எழுந்து வழிவிட்டார்கள்.

"இதான். அண்ணா, நீங்க படுத்துப் பாருங்க."

"வேணாம்டா. எனக்கு உக்கார்றதே போதும்."

"சுரங்க ஷாஃப்ட்ல பாதாளம் வரிக்கும் எறங்குனவரு, சேருக்குப் பயப்படறாரு பாரும்மா."

ஸ்டெல்லா சிரித்தாள். அண்ணன் ரோஷத்தோடு படுத்தார். நான் கம்பியை இழுத்து முதுகுப்பக்கத்தை முழுசாகச் சாய்த்தேன்.

அவருக்கு மூச்சு நின்றுவிட்டது. சுரங்கத் தூசு ஏறிய நெஞ்சு. வீட்டில் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்குகிற மனுஷன். எனக்குத் தெரியாததா இது?

"சித்தப்பா, தூக்குங்க!"

ஒற்றைக் கையால் மலையைத் தூக்குவதுபோல நாற்காலியோடு அவரைத் தூக்கி நிமிர்த்தினேன். கடைத்தெருவே கைதட்டியது. வெகுநேரம் இருமிவிட்டு அண்ணன் சொன்னார்: "இன்னாவோ, கலர் நல்லாத்தான் கீது."

நிமிர்ந்த முதுகுள்ள இரண்டை வாங்கி வந்தோம்.

யானை பொய். மகாராஜா பொய். தூக்கியது ஸ்டெல்லா, நான் வெறுமனே நின்றேன். மூச்சு நின்றதையும் பொய்யோடு சேர்த்துவிடத்தான் ஆசை. ஆனால் அப்போது அவர் இறுக்கிப் பிடித்த என் விரல் இன்னும் வலிக்கிறது.