எலி இல்லை நான்

என்னங்க, புளிக்குழம்பு அடுப்பில் மூடி இருக்கிறது. சாவி எதிர்வீட்டு சுபலட்சுமியிடம். நீங்கள் முகம் கொடுத்துப் பேசாததால்தான் எழுதி வைக்கிறேன்.

என் மூட்டுவாதத்துக்குப் புது மருந்தைச் சோதிக்கும் ஆய்வில் சேரட்டுமா என்றதற்கு, "ஒன்னைய எலியாக்கப் போறாங்கடி" என்று கத்தினீர்களே. நேற்று உசிலம்பட்டியில் அந்த ஆய்வைப் பற்றி விளக்கும் கூட்டம். எல்லோர் முன்னாலும் எழுந்து டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன்: "எங்களை எலியாக்கப் போறீகளா?"

அவர் கோபப்படவில்லை. "எலிக்கு வேணாம்னு சொல்லத் தெரியாதும்மா, உங்களுக்குத் தெரியும். நடுவுல விலகினாலும் உங்க வழக்கமான வைத்தியம் நிக்காது. ஆனா குணமாகும்னு வாக்குக் குடுக்க மாட்டேன், பக்கவிளைவும் வரலாம்" என்றார்.

அவ்வளவுதான், ஒதுங்கி உட்கார்ந்திருந்த பெண்களெல்லாம் எழுந்து கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டம் முடிய இருட்டிவிட்டது. வெளியே வந்ததும் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்குச் சமயநல்லூருக்கும் வாங்கம்மா. நீங்க ஆரம்பிச்சாத்தான் மத்தவுங்க வாய் திறக்குறாங்க" என்றார். அங்கேதான் போகிறேன், பட்டுச்சேலையில்!

தமிழ்ச்செல்வி

அப்பளம் தகர டப்பாவில்.

இன்னொன்று: ஆய்வில் சேருவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சாயங்காலம் வந்ததும் பேசுவோம், நீங்கள் சொல்வதையெல்லாம் கேட்கிறேன். முடிவை மட்டும் நான் சொல்கிறேன்.