ஜோடி சேராத கையுறை

கீழ் கோத்தகிரி,
ஞாயிறு, விடாத மழை.

சண்டிகரையே ஆட்டிவைக்கும் ரசாயனப் பேரரசி, அன்பு மருமகள் சரிதாவுக்கு, தேயிலை ஃபேக்டரியின் இலை வாட்டும் சக்கரவர்த்தி ஜெகதீசன் மாமா எழுதுவது. யாரும் நம்பாத ஒரு கதையைச் சொல்லப்போகிறேன். மாரியம்மன் மேல் ஆணை.

போன மாதம் போனில் சொன்னாயே, சில மூலக்கூறுகள் இடக்கையும் வலக்கையும் மாதிரி, தேயிலை வாசனையில்கூட அந்த ஜோடி உண்டு, உன் மருந்தை ஊற்றி விளக்கில் காட்டினால் ஒரு கை மட்டும் ஒளிரும், மற்றது இருட்டாகவே கிடக்கும் என்று. நானும் ஒன்று காய்ச்சினேன். தேயிலைத் தூசி, யூகலிப்டஸ் தைலம், மேனேஜரின் வாய்க்கொழுப்பு, மூன்றும் சம அளவு.

ஓடையில் ஒரு சொட்டுதான் சிந்தியது. தண்ணீர் குடித்த காட்டுமாடுகளுக்கெல்லாம் இடது கொம்பு டியூப்லைட்டாய் எரிந்தது. கோவைக்குப் போன விமானம் நம் ஃபேக்டரியில் இறங்கப் பார்த்தது. மேஸ்திரி கருப்புசாமிக்கு இடது மீசை மட்டும் ஜொலிக்க, அவர் சம்சாரம், "ஏனுங்க, அத வழிச்சுப் போடாதீங்க, கரண்டு பில்லாவது மிச்சமாகுமுங்க" என்றாராம்.

உன் அம்மாவும் அதில் கை கழுவினாள். இடது கை பௌர்ணமி. வலது கை இருட்டு.

அது கிடக்கட்டும். பார்சலில் இருக்கும் கம்பளிக் கையுறை பக்கத்து வீட்டு வேலாயி பின்னியது. உனக்கும் அம்மாவுக்கும் ஒரே அளவு என்பதால் அம்மா கையில்தான் வேலாயி மாட்டி மாட்டி அளவு பார்த்தாள். புறங்கையில் பூவெல்லாம் போட்டிருக்கிறாள். மாட்டிப் பார், இரண்டுமே இடக்கை. ஊர்க்கதை பேசிக்கொண்டே பின்னியதில் வேலாயி கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். வாயைத் திறக்காமல் பார்சல் கட்டினேன்.

ஏனென்றால், "புள்ள படிப்பு முடியட்டும், அதுக்குள்ள அவகிட்ட ஒளறுனே, தம்பின்னு பாக்கமாட்டேன்" என்று அக்கா என் போனையும் பிடுங்கிவைத்திருக்கிறாள். கையுறைக்குள் சுருட்டிவைக்கும் கடிதத்தைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

விமானம் பொய். காட்டுமாடு பொய். மீசை முக்கால் பொய். ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம், கண்ணு. உன் அம்மாவின் அந்த வலது கை. கொழுந்து பறிக்கையில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்து, மாவுக்கட்டில் கிடக்கிறது; வேலாயிக்கு அளவு பார்க்க இடக்கைதான் கிடைத்தது. இந்த மாதமே கோவையில் ஆபரேஷன் செய்யாவிட்டால் விரல் மடங்காது என்கிறார் டாக்டர். நீ வந்த பிறகு பார்க்கலாம் என்கிறாள் உன் அம்மா.

நீ ஓடி வர வேண்டாம். போன் செய்து, கையுறை ஜோடி சேரவில்லையே அம்மா என்று மட்டும் கேள். உனக்குத் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொள்வாள்; ஆபரேஷனுக்குப் போ என்று நீ சொன்னால் போவாள். பட்டம் வாங்கி வரும் உன் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்துத் திருஷ்டி கழிக்க வேண்டாமா அவள்?

என்றும் உன்,
ஜெகதீசன் மாமா