பச்சைத் திரையும் பதினாறு நிறமும்

மச்சாள்,

இன்று காலை என் கணினியைக் கழற்றி, மெமரித் துண்டின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். றப்பர் வாசம் மூக்கில் ஏறியதும் நீ வந்து நின்றாய். இயந்திரம் கிளம்ப மறுத்தால் நீ செய்யும் முதல் வேலை அதுதானே. உள்ளேயிருக்கும் கார்ட்டை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளை போல நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்ப்பாய். நான் சிரிப்பேன். நீ கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை, நானும் அதையேதான் செய்கிறேன்.

மானிப்பாயில் வீட்டில் கொம்பியூட்டர் வைத்திருந்த பெண் நான் ஒருத்திதான் என்ற பெருமை எனக்கு அதிக நாள் நிலைக்கவில்லை. ஜேர்மனியிலிருந்த அண்ணை எது வேண்டுமென்று கேட்டபோது, அவரைச் சிரமப்படுத்தக்கூடாது என்று பெரிய மனுசி போல ஆகச் சின்னதைக் கேட்டேன். டிஸ்கட் போட இரண்டு வாய், பச்சை எழுத்துத் திரை. கப்பல் வேலையிலிருந்து அடுத்த விடுமுறையில் வந்த மாமா, உன் அப்பா, சண்டிலிப்பாயில் உன் மேசையில் ஹாட் டிஸ்க்கும் கலர் மொனிற்றருமாக ஒன்றை இறக்கினார். சைக்கிளில் பார்க்க வந்தேன். பதினாறு நிறமும் வருமென்று சொல்லி நீ ஒரு செவ்வரத்தம்பூ வரைந்து காட்டினாய். கண்ணைக் குத்துகிறது என்றேன். வீட்டுக்கு வந்து என் திரையைப் பார்த்தால் பாசி பிடித்த கிணற்றை எட்டிப் பார்த்தது போலிருந்தது. வயிறு எரிந்தது, மச்சாள். வேறு எப்படிச் சொல்ல?

இருவருக்கும் எழுத்து வரைவதில் ஒரே பைத்தியம். கலியாண அழைப்பிதழ், கோயில் மலர், புத்தக அட்டை. எங்களுக்குப் பிடித்த தமிழ் எழுத்து எந்த டிஸ்கட்டிலும் இல்லாததால், சதுரக் கோட்டுக் கொப்பியில் ஒவ்வொன்றாய்ப் புள்ளி வைத்துக் கட்டிப் பிறகு திரையில் ஏற்றுவோம். அண்ணையைக் கெஞ்சி மவுஸ் எடுப்பித்தேன். அது வந்து சேர்வதற்குள் உன்னிடம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. நான் பிரதி எடுத்து வைத்திருந்த படம் வரையும் புரோகிராமின் புதியது உன்னிடம் வந்தது; என்னுடையதில் போட்டால் மெமரி போதாது என்று சொல்லிப் படுத்துவிடும். மெமரிச் சிப்புகள் எடுப்பித்துப் பெருவிரலால் அமுக்கிப் பொருத்தி, வளைந்த காலைப் புருவம் பிடுங்கும் சாவணத்தால் நிமிர்த்தி முடித்தபோது நீ அதைவிட இரண்டு மடங்கு போட்டிருந்தாய். நீ வேண்டுமென்று செய்யவில்லை என்பா அம்மா. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

தொண்ணூறில் சண்டையால் மின்சாரம் நின்றது. பெற்றோலைக் காட்டிக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் சின்ன ஜெனரேற்றர்தான் கதி. உன் ஹாட் டிஸ்க் சுழலத் தொடங்கியதும் ஜெனரேற்றர் இருமும். கலர் மொனிற்றரையும் போட்டால் நின்றேவிடும். என் ஏழைப் பச்சைத் திரையோ பேசாமல் எரியும். என் மெசினில் வேலை செய்ய நீ டிஸ்கட்டோடு என் வாசலுக்கு வந்த நாளில் பாயாசம் காய்ச்சாததுதான் குறை.

அப்போதுதான் யாழ்ப்பாணத்தில் புதிதாய்த் தொடங்கவிருந்த ஒரு சஞ்சிகை, அதன் பெயரை எழுதித் தரச் சொல்லி இருவரிடமும் கேட்டது. பிடித்ததை எடுப்பார்கள், அது ஒவ்வொரு இதழின் அட்டையிலும் வரும். அது என்னுடையதாக இருக்கவேண்டும் என்று எனக்கு உயிர் துடித்தது. மெல்லிய கோடும் நீண்ட வளைவுமாக வரைந்தேன். நல்ல வடிவு. நீ என் கதிரையில் வந்து குந்தியதும் கேட்ட கேள்வி எனக்கு விசராகப் பட்டது.

“எந்தக் கடதாசியிலை அடிக்கப் போறினமாம்?”

“ஏதோ ஒண்டு. உனக்கேன் அது?”

நீ அச்சகம் வரை சைக்கிளை மிதித்துப் போய்ப் பார்த்து வந்தாய். வெள்ளைத் தாள் எங்கும் இல்லாத காலம். பள்ளிக் கொப்பிக்கு வந்த கோடு போட்ட தாளில்தான் அடிக்கப் போகிறார்கள். நீ தடித்த எழுத்துகளைக் கட்டி, தாளின் நீலக் கோடு ஒவ்வொன்றும் எழுத்தின் இடைவெளியில் விழும்படி இருத்தினாய். முத்திரை மையால் நனைத்த பிரிண்டர் ரிபனில் இரண்டையும் அடித்துக் கொடுத்தோம். அச்சகத்தில் ஒத்திப் பார்த்த தாளில் என் மெல்லிய வளைவுகளைக் கோடுகள் விழுங்கியிருந்தன. உன் எழுத்துக்கென்றே கோடு போட்டது போலிருந்தது மற்றது. அட்டைக்கு அதையே எடுத்தார்கள்.

அதை நீ கட்டியது என் திரையில், என் மண்ணெண்ணெயில். அம்மா தேத்தண்ணியும் தந்தா.

“உன்ரை மெசினாலைதான் வந்தது, மச்சாள்,” என்றாய். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாய். நானோ அன்றைக்குத்தான் கண்டேன், இத்தனை வருடமும் மொனிற்றரைப் பார்த்துப் பொறாமைப்பட்டது வீண் வேலை. எரிச்சல்பட வேண்டிய சாமான் உன் கழுத்துக்கு மேலே இருந்தது. அதை எந்த அண்ணையும் பார்சலில் அனுப்பமாட்டார்.

தொண்ணூற்றைந்தில் எல்லோரும் இடம்பெயர்ந்தபோது நீ லண்டன் பக்கம் போனாய். நான் திரும்பி இங்கேயே வந்தேன். போன கிழமை உன் மகள் தொலைபேசி எடுத்தாள். முப்பத்தோராம் நாளுக்கு உன் நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அடிக்கவேண்டுமாம்.

“அம்மா சொல்லிப்போட்டுத்தான் போனவா, மாமி. வேறை ஒருத்தரும் செய்யக்கூடாதாம், நீங்கள்தானாம்.”

உன் படங்களை ஏற்ற என் கணினி திணறியதால் இன்று புது மெமரி போட்டேன்; போட்டதும் கிளம்ப மறுத்ததால்தான் பழையதை உருவித் தேய்த்தேன். அட்டையில் உன் பெயரை நான்கு விதமாய் எழுதி ஒன்றைத் தெரிந்தெடுத்து அனுப்பினேன். நல்லாயிருக்கிறது, அப்படியே அடியுங்கோ என்று உன் மகள் உடனே எழுதிவிட்டாள். முதல் தடவையாக என் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க உன் எழுத்து இல்லை. இருந்திருந்தால் அதுதான் திறமாயிருந்திருக்கும். வயிறு எரியவாவது நீ ஒன்று செய்து காட்டியிருக்கலாம், மச்சாள்.