முயலுக்குத் தண்ணீர் ஊற்றியது யார்?

லோரி ஓட்டும் குமரவேல், சுங்கை பெசாரில் மூன்று நாள் வேலைக்குக் கிளம்பும் முன், தூங்கிக்கொண்டிருந்த மனைவி அமராவதிக்கு ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தார். முந்திய மாலைதான் இருவருக்கும் சண்டை. கூட வரச் சொன்னதற்கு அவள், "பாப்பா காலையில வந்து மொயலுக்குத் தண்ணி வைக்கிறா. நான் இல்லாம எப்படி?" என்று மறுத்துவிட்டாள். அந்த முயல்களை வளர்த்த மகள் தனேஸ்வரி இறந்து எட்டு மாதமாகிறது.

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினார்:

"அமரா, வெள்ளை மொயல் முடியப் பிச்சிப் பெட்டியில போட்டிருக்கு. இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போடும். எண்ணிப் பாக்குறேன்னு உள்ள கைய வுடாத. ஈரக் கங்கோங் கீர கொடுக்காத, காஞ்ச புல்லு போதும். உனக்குச் சோறு மூடி வச்சிருக்கேன்.

நாளைக்கு மொயல் போத்தல்ல தண்ணி இருக்காது. பயந்துடாத. இத்தன நாளும் விடியறதுக்குள்ள ஊத்துனது நான்தான். பாப்பா வந்துட்டுப் போயிருக்கான்னு நீ சிரிச்சப்ப, அதக் கெடுக்க மனசு வரல. மன்னிச்சிரு."

சீட்டை வீட்டுச் சாவியின் கீழ் வைத்துவிட்டு, செருப்பு மாட்டப் பின்வாசலுக்குப் போனவர், கூண்டின் மேல் வழக்கம்போல் மகளின் துண்டு போர்த்தியிருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றார். அவளை எழுப்பிக் கேட்கத் துணிவு வரவில்லை. திரும்பி வந்து, தாளின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் நுணுக்கி எழுதினார்:

"கூண்டு மேல தெனமும் பாப்பாவோட துண்டப் போத்துறது நீதானே? நீதான்னு நெனச்சி நான் கேட்டதே இல்ல. எழுந்ததும் போன் போட்டுச் சொல்லு லா."