புகழ்மொழி களைந்து இளவரசரைக் கண்டெடுத்த ஓலை

அலை அடங்குக. கரை தழைக்க. வலைகள் நிறைந்து வருக.

சங்குத்துறை நாட்டைக் கோல் கோணாது ஆள்பவரும், கலங்கரை விளக்கம் அணையாது காப்பவரும், எம் வேந்தரின் நெடுநாள் நண்பருமாகிய ஓதவேலனார் திருமுன்பு, மருதவள நாட்டு முதலமைச்சன் வெண்குடி நக்கன் பணிந்து வரையும் ஓலை. தங்கள் துறைகளும் தோணிகளும் குடிகளும் நலமென நம்புகிறோம். நாங்கள் இன்று காலை முதல் நலம்.

கலமேறிச் சென்ற எங்கள் இளவரசர் பரிதிவேள், சென்ற புயலில் காணாமற்போன செய்தியைத் தாங்கள் அறிவீர்கள். அருகிலுள்ள துறைகளுக்கெல்லாம் ஆள் போக்கியும் பயனில்லாமையால், அரண்மனை இணையக் கூடத்தில் அமர்ந்து தேடுபொறியை நாடினோம். அரசகுலத்தார் பெயரைப் பட்டங்களின்றி எழுதலாகாது என்பது எங்கள் வழக்கு. அதன்படி அவைப்புலவர் பொன்னாவினார், பகைவர்க்கு இடியும் பாவலர்க்கு முகிலும் ஆகிய பரிதிவேள் இளவரசப் பெருமான் எங்கு எழுந்தருளியிருக்கிறார் எனத் தேடுபெட்டியில் பிழையறப் பொறித்தார். பொறி முதலில் கொணர்ந்தவை, அப்புலவரே பாடி இணையத்தில் ஏற்றியிருந்த புகழ்ப்பாக்கள். அடுத்து வந்தது இளவரசன் பட்டு மாளிகையின் ஆடித் தள்ளுபடி. அதன் பின் ஒரு திருமண மண்டபம். பட்டங்கள் போதவில்லை போலும் என்று புலவர் மேலும் சில சேர்க்க, மேலும் சில மண்டபங்கள் வந்தன. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்போது அரசியார் நல்லமங்கையார் எழுந்து வந்து, என் பிள்ளையைக் கண்டெடுத்தவருக்கு அவன் வேந்தன் மகனென்று எப்படித் தெரியும், கண்டவர் என்ன எழுதியிருப்பாரோ அதையன்றோ நாமும் எழுதவேண்டும் என்று கூறி, புலவரை எழுப்பிவிட்டுத் தாமே அமர்ந்தார். பட்டங்களை அழித்தார். பெயரையும் அழித்தார். வாலிபர் என்றாவது எழுதலாமே என்று நான் பணிந்து சொன்னதற்கு, கரையோரத்தார் பையன் என்றே எழுதுவர் என மறுமொழி தந்தார். கரை ஒதுங்கிய பையன், இடப்புருவத் தழும்பு. இவ்வளவே அவர் இட்டது. சிறுவயதில் மாமரத்திலிருந்து விழுந்தபோது பட்ட தழும்பு அது. புலவரின் பாக்களில் எங்கும் இல்லாதது.

இம்முறை திமிங்கலங்கள் வந்தன. கரை ஒதுங்குவதில் அவற்றுக்குள்ள புகழை இன்றுதான் அறிந்தோம். அரசியார் தளரவில்லை. திமிங்கலம் என்று எழுதி, அதன் முன்னே ஒட்டினாற்போல் ஒரு கழித்தற்கோடு இட்டு அவற்றை விலக்கினார். புயலுக்குப் பின் வெளியானவை மட்டும் வருக என வரையறுத்தார். எஞ்சி நின்றது தங்கள் நாட்டு மருத்துவமனையின் அறிவிப்பு. கரை ஒதுங்கிய பையன், இடப்புருவத்தில் தழும்பு, மீனவர் தூக்கிவந்தனர், காய்ச்சலால் பேச்சில்லை, உயிருக்கு ஆபத்தில்லை, உறவினர் வருக என்றிருந்தது. படத்தில் எங்கள் இளவரசர்.

அரசியார் அழுதார். புலவர் அழுதார். முதலமைச்சன் அவையில் அழலாகாது என்றும் எங்களிடம் ஒரு வழக்கு உண்டு. அதுவும் இன்றோடு போயிற்று.

அவரைத் தூக்கிவந்த மீனவர்க்கும் காத்த மருத்துவர்க்கும் எங்கள் நாடு என்றும் கடமைப்பட்டது. நாளை விடியலில் அரசியார் தாமே கலமேறுகிறார். இவ்வோலை விரைதோணியில் முன்னதாக வந்து சேரும். எங்கள் எல்லைக்குள் இனி எவரும், அவைப்புலவர் உட்பட, தேடுபெட்டியில் பட்டமோ வாழ்த்தோ பொறிக்கலாகாது என வேந்தர் ஆணை பிறந்துவிட்டது. ஓலைகளுக்கு அவ்வாணை செல்லாது என்று நான் மன்றாடிப் பெற்றேன்.

முத்திரைக்குக் கீழே உள்ளதை இளவரசர் காதருகே வாசிக்கச் செய்தருள்க. அதற்கு நான் இயற்றித் தந்த விளிகளை அரசியார் ஒன்றுவிடாமல் அடித்துவிட்டார்; குறுகியிருப்பதைப் பொறுத்தருள்க.

நெற்கதிர் முத்திரை இட்டது. வேந்தர் ஆணை.

தம்பி, அம்மா வந்துட்டிருக்கேன். கஞ்சி குடுத்தா முரண்டு பண்ணாம குடி.